சம்பந்தியின் ஓட்டைகள்

என் வீட்டுக்காரர் ஓர் எதிரியை உருவாக்கினார். அந்த எதிரி எவ்வளவு முட்டாள் என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பது என் வேலை. இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே முதலாளி, இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் கேன். இதைக் கேட்டதும் "அட, எவ்வளவு வசதி" என்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஆடுகிற விண்வெளிப் போர் விளையாட்டு ஒன்றை எங்கள் கம்பெனி நாலு வருடமாகச் செய்துகொண்டிருந்தது. ஆடுபவருக்குச் சில கிரகங்கள், சில கப்பல்கள். எதிரே ஊதா நிறத்தில் ஒரு பேரரசு. அந்தப் பேரரசை நடத்துவது மனிதர் இல்லை, கணினி. எப்போது படையெடுப்பது, எப்போது பின்வாங்குவது, எப்போது சமாதானம் பேசுவது என்பதை எல்லாம் அதுவே முடிவு செய்ய வேண்டும். அந்த மூளையை எழுதியவர்தான் என் வீட்டுக்காரர். திரையில் அந்தப் பேரரசுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. அலுவலகத்தில் அதைச் 'சம்பந்தி' என்றே சொல்வோம். ஒன்றுமில்லாததற்குக் கோபித்துக்கொள்ளும், வந்தால் கூட்டத்தோடு வரும், வந்தபின் லேசில் போகாது.

நான் டெஸ்டர். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மாலை ஆறு வரை சம்பந்தியோடு சண்டை. நியாயமாகச் சண்டை போட்டு ஜெயிப்பதற்கு எனக்குச் சம்பளம் கிடையாது. அது எங்கே ஏமாறுகிறது என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். எனக்குத் தோற்கப் பிடிக்காது. குறுக்கு வழி ஒன்று இருக்கும்போது நேர்வழியில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம்தான் வரும். இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்க ஒரு முதலாளி கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

முதல் வருடம் பிடித்தவற்றில் எனக்குச் செல்லமானது ஒன்று உண்டு. சம்பந்தி எதிராளியின் பலத்தை அளக்காது, கப்பல்களை எண்ணும். பீரங்கி வைத்த பத்துக் கப்பல் நின்றால் பாய்ந்து வரும். துப்பாக்கிகூட இல்லாத நாற்பது உளவுப் படகுகளை எல்லையில் வரிசையாக நிறுத்தினால் நடுங்கிப்போய்ச் சமாதானத்துக்குத் தூது அனுப்பும். அப்புறம் பரிசு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எதையாவது அனுப்பிக்கொண்டே இருந்தால் அது படையெடுக்காது. அனுப்புவது என்ன என்று பிரித்துப் பார்க்காது. ஒரு முழு ஆட்டத்துக்கும் நான் ஜல்லிக் கற்களையே அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் 'உங்கள் பெருந்தன்மை எங்களை நெகிழ வைக்கிறது' என்று பதில் வந்தது. ஒரே ஒரு படகை அதன் கண்ணில் படும்படி ஓடவிட்டால் மொத்தப் படையும் துரத்திக்கொண்டு போய்விடும். தலைநகரில் காவலுக்கு ஈ காக்காய் இருக்காது.

ஒவ்வொன்றையும் எண் போட்டு ஓட்டைப் பட்டியலில் எழுதுவேன். பட்டியல் முதலாளி உட்பட எல்லோர் கணினியிலும் தெரியும். என் வீட்டுக்காரர் படிப்பார், ஒன்றும் சொல்லமாட்டார், இரண்டே நாளில் அடைத்துவிட்டு எதிரில் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதுவார். நாலு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகள். ஒரு தடவைகூட அவர் முகம் கோணவில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்பார்கள். ஆனால் எருமை மறுநாளே கூரை போட்டுக்கொள்ளாது. இவர் போட்டுக்கொள்வார்.

வீட்டில் அலுவலகத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது எங்களுக்குள் விதி. விதி போட்டவள் நான், போட வைத்ததும் நான்தான். ஒருநாள் குளியலறைக் குழாயைத் திறந்து போட்டது யார் என்று பேச்சு வந்தது. அவர் வாயே திறக்கவில்லை. "உங்க சம்பந்தியும் இதே கதைதான். மூணு தடவை கேட்டாலும் பதில் வராது. முப்பத்தொண்ணாம் நம்பர்ல எழுதியிருக்கேன்" என்றேன். அவர் குழாயை மூடிவிட்டு வந்து, "அதை அடைச்சாச்சு" என்றார். அதற்கப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆபீஸையும் கழற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

எங்கள் முதலாளிக்குப் 'பார்த்துக்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். ஒரு திங்கட்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"வெளியில ஒரு கம்பெனியில ரெடிமேடா மூளை விக்கிறாங்க. வாங்கி மாட்டினா வேலை முடிஞ்சுது. நம்ம பட்டியல் இருநூறைத் தாண்டிடுச்சு. இனிமே ஒரே ஒரு பெரிய ஓட்டை வந்தாலும் இந்தச் சம்பந்தியைத் தூக்கிட்டு அதை வாங்கிடுவேன்."

"அப்ப நான் என்ன பண்றது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"பார்த்துக்கலாம்" என்றார் முதலாளி. இதற்கு முன் இரண்டு பேருக்கு அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் அந்த இரண்டு பேரையும் நாங்கள் பார்க்கவே இல்லை.

புதன்கிழமை அந்தப் பெரிய ஓட்டை என் கண்ணில் பட்டது.

சம்பந்தியின் போர்க்கப்பல் பாதிக்கு மேல் அடிபட்டால் சண்டையை விட்டுவிட்டுப் பழுது மேடைக்குத் திரும்பும். ஒரு மேடையில் ஒரு நேரத்தில் ஒரு கப்பல்தான் நின்று சரிசெய்துகொள்ள முடியும். அன்றைக்கு உருளைக்கிழங்கு ஏற்றிய என்னுடைய சரக்குக் கப்பல் ஒன்று நான் தப்பாகச் சொடுக்கியதால் அந்த மேடையில் போய் நின்றுவிட்டது. ஆயுதமில்லாத கப்பலைச் சம்பந்தி சுடாது, அதுவும் என் வீட்டுக்காரர் எழுதியதுதான். அடிபட்ட முதல் போர்க்கப்பல் வந்தது. மேடையில் ஆள் இருப்பதைப் பார்த்துப் பின்னால் நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. நான் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். நாற்பத்தாறு போர்க்கப்பல்கள் வரிசையில் நின்றன. ஒன்றுகூட முந்தவில்லை, காலியாக இருந்த மற்ற மேடைகளுக்கும் போகவில்லை. அண்டத்தையே ஆள வந்த பேரரசு ஓர் உருளைக்கிழங்குக் கப்பலுக்குப் பின்னால் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. தலைநகரில் யாரும் இல்லை. போய் எடுத்துக்கொண்டேன். மொத்தம் இருபது நிமிடம் ஆயிற்று.

இதை எழுதிய கை எது என்று சந்தேகமே வேண்டாம். வங்கியில் இவர் கையில் நூற்றெட்டாம் எண் சீட்டு இருக்கும்போது நூற்றுப்பத்தைக் கூப்பிட்டால், "ஏதோ அவசரமா இருக்கும்" என்று உட்கார்ந்திருப்பார்.

இருநூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டேன். இரண்டு வரி எழுதினேன். அழித்தேன். நாலு வருடத்தில் நான் மறைத்த முதல் ஓட்டை அது. எழுதினால் அவர் வேலை போகும். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் அவரே போய்ப் பட்டியலில் எழுதிவிடுவார், அந்த ரகம். எனவே வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை. சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. உப்பு வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன். "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

மூன்றாவது வாரம், விளையாட்டுகளை வாங்கி ஊரெல்லாம் விற்கிற ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வரப்போவதாகச் சேதி வந்தது. அவர் போட்ட நிபந்தனையை முதலாளி வாசித்துக் காட்டினார். எங்களிலேயே நன்றாக ஆடுகிற ஒருவர் அவர் முன்னால் உட்கார்ந்து ஆட வேண்டும். இரண்டு மணி நேரம் சம்பந்தி தோற்காமல் நின்றால் விளையாட்டை எடுத்துக்கொள்வார்கள். தோற்றால், ரெடிமேட் மூளையை மாட்டிக்கொண்டு அடுத்த வருடம் வரலாம்.

"யார் உட்கார்றது?" என்றார் முதலாளி.

கப்பல்களுக்குப் படம் வரைகிறவர் குனிந்து தன் பென்சிலைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார்.

"டெஸ்டர் உட்காரட்டும்."

அலுவலகத்தில் அவர் என்னை அப்படித்தான் சொல்வார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிற மனிதரை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, சட்டையை மாற்றிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு நல்லா ஆடு."

"இது வீடு" என்றேன்.

"தெரியும். விட்டுக் குடுத்து மட்டும் ஆடாதே. எனக்குத் தெரிஞ்சுடும்."

மனதுக்குள் திட்டம் தயாராக இருந்தது. நேர்வழியில், நிதானமாக, அவசரமே இல்லாமல் இரண்டு மணி நேரத்தை ஓட்டிவிடுவது. விண்வெளியில் சரக்குக் கப்பல் என்று ஒரு ஜாதி இருப்பதையே மறந்துவிடுவது. கட்டின புருஷனுக்காக ஓர் ஆட்டத்தை ஜெயிக்காமல் விடுகிறோம் என்று நினைத்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்த அம்மா வந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பெரிய திரையில் ஆட்டத்தைப் போட்டார்கள். முதலாளி அவருக்கு முன்னால் ஒரு தட்டு பிஸ்கட் வைத்தார். என் வீட்டுக்காரர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் அரை மணி நேரம் எல்லாம் திட்டப்படி நடந்தது. சம்பந்தியும் மோசமில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு அடி வாங்கித் தேறின உடம்பு. என் கிரகங்கள் இரண்டைப் பிடித்தது. நான் ஒன்றைத் திரும்பப் பிடித்தேன். அது மறுபடியும் இரண்டைப் பிடித்தது. நேர்வழி என்பது இவ்வளவு சலிப்பான வழி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஐம்பதாவது நிமிடத்தில் என்னிடம் நாலு கிரகம் மிச்சம். அந்த அம்மா பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே முதலாளி பக்கம் சாய்ந்தார். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு.

"இவங்கதான் உங்க ஆபீஸ்லயே நல்லா ஆடுறவங்களா?"

"ஆமாங்க."

"பாவம், கொஞ்சம் திணறுறாங்க போல."

பாவம் என்றார். என்னைப் பார்த்து. இருநூற்றுப் பன்னிரண்டு தடவை இந்தப் பேரரசை மண்ணைக் கவ்வ வைத்தவளைப் பார்த்து. காது இரண்டும் சூடாகிவிட்டது. 'ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம்' என்று அந்த அம்மா மனதுக்குள் சொல்லிக்கொள்வதுகூட எனக்குக் கேட்டது.

கை தானாகப் போய்விட்டது என்று சொல்லலாம், பொய். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரரின் வேலையைப் பற்றி ஞாபகமே வரவில்லை என்றும் சொல்லலாம், அதுவும் பொய். ஞாபகம் வந்தது. சுவரோரம் அவர் நிற்பதும் தெரிந்தது. அப்படியும் சரக்குக் கப்பலைத் தேர்ந்தெடுத்துச் சம்பந்தியின் பழுது மேடைக்கு அனுப்பினேன்.

அது போய் நின்றதும், சம்பந்தியின் கப்பல்களுக்கு அடிபட வேண்டும், அப்போதுதான் மேடைக்குத் திரும்பும். அதற்காக என் போர்க்கப்பல்களில் பாதியை அதன் நடுப்படைக்குள் கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் சம்பந்தியின் படை முழுக்க அடிபட்டு, திரும்பி, மேடையை நோக்கிப் போயிற்று. மீதிப் பாதியைத் திரட்டி அதன் தலைநகருக்கு அனுப்பினேன். என் தலைநகரில் காவலுக்கு ஒரு கப்பல்கூட வைக்கவில்லை. எதற்கு வைக்க வேண்டும், எதிரிதான் வரிசையில் நிற்கப்போகிறானே.

முதல் போர்க்கப்பல் மேடைக்கு வந்தது. என் சரக்குக் கப்பலைப் பார்த்தது. நின்றது.

பிறகு ஒரு கயிற்றை வீசி என் கப்பலைக் கட்டி, மெதுவாக இழுத்து, ஓரமாகக் கொண்டுபோய் விட்டது. சுடவில்லை, இடிக்கவில்லை. வழியில் நிற்கிற சைக்கிளை நகர்த்தி வைக்கிற மாதிரி நகர்த்தி வைத்தது. மேடையேறிச் சரிசெய்துகொண்டது. பின்னால் வந்தவை வரிசையில் நிற்காமல் பிரிந்து மற்ற மேடைகளுக்குப் போயின. நான் அனுப்பிய மீதிப் படை பாதி வழி போவதற்குள், அரைகுறையாகச் சரியான கப்பல்கள் பத்து அங்கிருந்து நேராக என் தலைநகருக்கு வந்தன. அங்கேதான் ஈ காக்காய் இல்லையே.

ஒரு மணி இருபத்திரண்டு நிமிடத்தில் நான் தோற்றேன். திரையில் 'உங்கள் பெருந்தன்மை எங்களை நெகிழ வைக்கிறது' என்று வரவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அது எவ்வளவு நாசூக்கா நகர்த்தி வெச்சுது, பார்த்தீங்களா! இவ்வளவு நல்லா ஆடுற எதிரியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை" என்றார். முதலாளி என் வீட்டுக்காரரின் தோளில் தட்டினார். ரெடிமேட் மூளையைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. அவர் வேலை தப்பித்தது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

மாலை ஆறு மணிப் பேருந்தில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மூன்று நிறுத்தம் வரை நான் ஜன்னலையே பார்த்தேன். வீட்டில் பேச முடியாது. பேசுவதென்றால் இங்கேதான் பேச வேண்டும்.

"என்னங்க. அதை எப்ப அடைச்சீங்க?"

"எதை?"

"நடிக்காதீங்க."

"ரெண்டு வாரம் இருக்கும்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் எழுதவே இல்லையே."

"ஆட்டமெல்லாம் பதிவாகுது இல்ல. நீ ஆடுறதைத் தினமும் சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி பார்ப்பேன். நாலு வருஷமா பார்க்கிறேன்."

ஒவ்வோர் ஆட்டமும் பதிவாகும் என்பது எனக்குத் தெரியாததில்லை. பட்டியலில் எழுதாவிட்டால் யாரும் தேடிப் பார்க்கமாட்டார்கள் என்று இருந்துவிட்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

"அப்ப நீங்க ஏன் பட்டியல்ல எழுதலை?"

"நீயே எழுதலை. ரெண்டு நாள் பார்த்தேன். ஏன் எழுதலைன்னு அப்புறம் புரிஞ்சுது. எனக்கு ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் தும்முவது போல் முகத்தை மூடிக்கொண்டேன்.

"சந்தோஷப்படாதீங்க" என்றேன். "இன்னைக்கு அந்தச் சரக்குக் கப்பலை அனுப்பிட்டேன். தெரிஞ்சேதான் அனுப்பினேன். அது பலிச்சிருந்தா உங்க வேலை போயிருக்கும். அந்தம்மா பாவம்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு உங்க வேலையைத் தூக்கிக் குடுத்தேன்."

"நீ அனுப்புவேன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"அதனாலதான் நீ உட்காரணும்னு சொன்னேன்."

பேருந்து சிக்னலில் நின்றது. இவர் எப்போதும் பேசுகிற அதே குரலில், பால் வாங்க வேண்டும் என்று சொல்கிற மாதிரி, விளக்கினார். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது. என்னைச் சொல்ல முடியும். ஐம்பது நிமிடம் பொறுப்பேன். யாராவது ஏதாவது சொல்வார்கள். உடனே கையில் இருக்கிற குறுக்கு வழியை எடுப்பேன். அதை எடுத்தால் பாதிப் படையை நானே அழிப்பேன், மீதியோடு வீட்டைப் பூட்டாமல் கிளம்புவேன்.

"ஆரம்பத்துலேர்ந்தே முழு மூச்சா நேரா ஆடியிருந்தா?"

"ஜெயிச்சிருப்பே. ஒண்ணே முக்கால் மணி நேரத்துல முடிச்சிருப்பே. உன்னை நேரா நின்னு தடுக்கிற அளவுக்குச் சம்பந்திக்கு இன்னும் மூளை வரலை."

நாலு வருடமாக ஓட்டை தேடிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கோபம் தலைக்கு ஏறியது. இறங்கி நடந்தே போய்விடலாமா என்று பார்த்தேன், ஆனால் ஜன்னல் பக்கம் இருந்தது நான். எழுந்தால் அவர் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் மடியில் என் பையும் இருந்தது. அதை இரண்டு கையாலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சிக்னல் விழுந்தது. பேருந்து கிளம்பியது.

"இந்த மாதிரி ஓட்டை என்கிட்ட இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டேன்.

"ஏழெட்டு இருக்கும்."

"சொல்லுங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா நீ சரி பண்ணிடுவே" என்றார்.